அப்பா ஓ, அம்மா பி, நான் ஏபி. இது எப்படி?

தோப்புக்காரர் மகள் (கொழிஞ்சாம்பாறை):

வணக்கம். எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கம், அப்பாவுக்குத் தென்னந்தோப்பு. போன வாரம் வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷனுக்கு இரண்டு யூனிட் ரத்தம் வேண்டும் என்றார்கள். அப்பாவின் லைசென்ஸில் ஓ பாசிட்டிவ் என்று இருக்கிறது. ஓ தானே, சுலபமாகக் கிடைக்கும் என்று நினைத்தோம். நான்கு ஓ யூனிட்டைப் பொருத்திப் பார்த்தும் ஒன்றுகூடச் சேரவில்லை. "ரத்தத்தில் ஏதோ ஆன்டிபாடி இருக்கிறது" (வேறு ரத்தத்தை எதிர்க்கிற பொருளாம்) என்று சொல்லி அப்பாவைப் படுக்கையிலேயே வைத்திருக்கிறார்கள்.

இன்னொன்று. என்னுடையதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று லேபில் போய் நின்றேன். நான் ஏபி பாசிட்டிவ், காலேஜில் முகாமில் பார்த்தது. அங்கே இருந்தவர் மூன்று சீட்டையும் வைத்துக்கொண்டு, "ஓ அப்பாவுக்கு ஏபி பிள்ளை பிறக்காதே" என்றார். அம்மா பக்கத்தில் நிற்கிறாள், அத்தையும் நிற்கிறாள். அம்மாவுக்கு பி பாசிட்டிவ். அன்றிலிருந்து அம்மா ஒரு வாய்கூட ஒழுங்காகச் சாப்பிடவில்லை. அப்பாவிடம் நாங்கள் எதுவும் சொல்லவில்லை.

என் அம்மாவைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் அத்தைக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும். இது எப்படி நடக்கும்?

வாளையார் வாசகன்:

பாடப் புத்தகப்படி ஓ அப்பாவுக்கும் பி அம்மாவுக்கும் ஓ அல்லது பி பிள்ளைதான். மனசைத் திடப்படுத்திக்கொண்டு டிஎன்ஏ பரிசோதனை எடுத்துவிடுங்கள்.

பழைய லேப் அக்கா (பொள்ளாச்சி):

தம்பி, கொஞ்சம் பொறுங்கள். ஒரு குடும்பத்தைக் கலைக்கிற வார்த்தையை அவ்வளவு சீக்கிரம் சொல்லக்கூடாது. நான் ரத்த வங்கியில் 31 வருஷம் வேலை பார்த்தவள்.

கண்ணு, நீ இரண்டு பிரச்சினை எழுதியிருக்கிறாய். எனக்கு அது இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. ஓ ரத்தம் அப்பாவுக்குச் சேரவில்லை என்பதும், நீ ஏபி என்பதும் ஒரே காரணத்தால் வரலாம். அப்பா ஓ இல்லை. பாம்பே குரூப்பாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. 1952-இல் டாக்டர் பேண்டேயும் கூட இருந்தவர்களும் பம்பாயில் கண்டுபிடித்ததால் அந்தப் பேர். நம் நாட்டில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்று தோராயமாகச் சொல்வார்கள்.

சிவப்பணுவின் மேல் ஹெச் என்று ஒரு சர்க்கரைச் சங்கிலி இருக்கும். அதன் மேல்தான் ஏ-யும் பி-யும் ஏறும். பாவு இல்லாத தறியில் ஊடை எத்தனை கட்டு இருந்தாலும் துணி விழாது இல்லையா, அப்படித்தான். ஹெச் இல்லாதவருக்கு ஏ ஜீன் இருந்தாலும் ஏ வெளியே தெரியாது. ஏ, பி ஜீன் 9-வது குரோமோசோமில், ஹெச் ஜீன் 19-வதில். இரண்டும் தனித்தனியாகப் பிள்ளைக்குப் போகும். உன் அப்பாவிடம் ஏ ஜீன் ஒளிந்து கிடந்திருக்கும். அது உனக்கு வந்தது. ஹெச் உனக்கு அம்மாவிடமிருந்து வந்தது, பி-யும் அவர் கொடுத்ததுதான். அதனால் அப்பாவிடம் மறைந்திருந்த ஏ உன்னிடம் வெளியே வந்துவிட்டது. நீ ஏபி ஆனதில் உன் அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை.

முகாமில் ஓட்டின் மேல் மூன்று சொட்டு வைத்துப் பார்ப்பார்கள். நீல மருந்து ஏ-க்கு, மஞ்சள் பி-க்கு, நிறமில்லாதது பாசிட்டிவா நெகட்டிவா என்று காட்டும் ஆர்ஹெச்-க்கு. சேர்ந்தால் பால் திரிந்த மாதிரி கட்டியாகும். அப்பாவுக்கு நீலத்திலும் மஞ்சளிலும் திரியவில்லை, ஓ என்று எழுதிவிட்டார்கள். அந்த மட்டில் தப்பில்லை, ஆனால் அது பாதிச் சோதனைதான். மீதிப் பாதியில் அவருடைய பிளாஸ்மாவை, அதாவது அணு போக மீதி இருக்கிற ரத்த நீரை, எடுத்து ஏ அணு, பி அணு, ஓ அணு மூன்றோடும் கலந்து பார்க்க வேண்டும். நிஜமான ஓ ஆளின் பிளாஸ்மா ஓ அணுவை ஒன்றும் செய்யாது. பாம்பே ஆளின் உடம்பில் ஹெச்-க்கு எதிரான ஆன்டிபாடி உண்டு. ஹெச் அதிகமாக இருப்பதே ஓ அணுவில்தான். அதனால் ஓ ரத்தம் ஏற்றினால் அவருக்கு உயிராபத்து. உங்கள் ஆஸ்பத்திரியில் பொருத்திப் பார்த்து நிறுத்தினார்களே, அது பெரிய காரியம்.

ஒரு இரவு டியூட்டியில் நான் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். குழாயை வேகமாகச் சுற்றுகிற சென்ட்ரிஃபியூஜ் மெஷினிலிருந்து ஓ அணுக் குழாயை எடுத்து விரலால் தட்டினேன். சாதாரணமாக அடியில் இருக்கிற சிவப்பு புகை மாதிரி கலைந்துவிடும். அன்றைக்கு அது குன்றிமணி போல முழுசாகக் கழன்று மேலே வந்தது. குழாயை மாற்றி, அணுவை மாற்றி மூன்று தடவை செய்தேன். கை நடுங்கியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நாளை காலையில் போனதும் "ஆன்டி-ஹெச் லெக்டின் போட்டுப் பார்த்தீர்களா" என்று கேள். அது, ஹெச் இருந்தால் அணுவைத் திரிய வைக்கிற மருந்து. அதில் அப்பாவின் அணு திரியவில்லை என்றால் முக்கால்வாசி முடிந்தது. அப்பாவின் கூடப்பிறந்தவர்கள் எல்லோரையும் உடனே கூட்டிக்கொண்டு போ. உன் தாத்தா பாட்டி சொந்தத்தில் கட்டினவர்களா?

வேலந்தாவளம் மருமகள்:

அக்கா, நடுவில் கேட்பதற்கு மன்னியுங்கள். நானும் வீட்டுக்காரரும் பாசிட்டிவ், இரண்டாவது பையன் மட்டும் நெகட்டிவ். மாமியார் ஒரு மாதிரி பார்க்கிறார். இதுவும் அப்படி ஏதாவதா?

பழைய லேப் அக்கா:

இல்லை சாமி, இது ரொம்பச் சாதாரணம். பாசிட்டிவ் காட்ட ஒரு ஜீன் போதும். உங்கள் இருவரிடமும் ஒரு பாசிட்டிவ், ஒரு நெகட்டிவ் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு நெகட்டிவ் பிறக்கலாம். மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்.

தோப்புக்காரர் மகள்:

அக்கா, நீங்கள் சொன்னதுதான். சாம்பிள் கோயம்புத்தூருக்குப் போய் நேற்று பதில் வந்தது, பாம்பே பாசிட்டிவ். தாத்தா கட்டியது அவருடைய சொந்த அக்கா மகளை. இதையும் டாக்டர் கேட்டு எழுதிக்கொண்டார்.

அப்பாவோடு சேர்த்து நான்கு பேர். மீதி மூன்று பேரையும் ஜீப் பிடித்துக் கூட்டிப்போனோம். பெரியப்பா ஏ, அத்தை ஏ. கடைசிச் சித்தப்பாவும் பாம்பே. வயது 52, இதுவரை ஊசி போட்டுக்கொள்ளவே பயப்படுகிறவர். "அண்ணனுக்குத்தானே, எடுங்க" என்று கையை நீட்டிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். ஒரு யூனிட் எடுத்தார்கள். இன்னொரு யூனிட், பாம்பே குரூப் பட்டியலில் இருந்த ஒரு கொடையாளர் எர்ணாகுளத்திலிருந்து வந்து கொடுக்கிறார். ஆபரேஷன் வெள்ளிக்கிழமை.

நீங்கள் எழுதியதை அத்தைக்கு முழுவதும் வாசித்துக் காட்டினேன். பாவு, ஊடை என்றதும் புரிந்துவிட்டது, அவர் தறிவீட்டில் வாழ்க்கைப்பட்டவர். எழுந்து போய் அம்மாவுக்குத் தோசை வார்த்தார்.

ஒரு சந்தேகம் அக்கா. எனக்கு அத்தை மகனைப் பேசி வைத்திருக்கிறார்கள். எங்களுக்குப் பிறக்கிற பிள்ளைக்கும் இது வருமா?

பழைய லேப் அக்கா:

சித்தப்பாவுக்கு என் கும்பிடு. கூடப்பிறந்தவர் ரத்தம் என்பதால் அந்த ரத்தப் பைக்குக் கதிர்வீச்சு கொடுத்துத்தான் ஏற்ற வேண்டும். ஆஸ்பத்திரியில் செய்வார்கள், நீயும் ஒரு வார்த்தை கேட்டுவிடு.

கல்யாண விஷயம். உன்னிடம் ஹெச் இல்லாத ஜீன் ஒன்று நிச்சயம் இருக்கிறது, அப்பாவிடம் கொடுக்க வேறு இல்லை. அத்தைக்கு ஹெச் இருந்தாலும் மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பில் அவரும் அதைச் சுமக்கிறார். மகனுக்குப் போயிருக்கப் பாதி வாய்ப்பு. அவரிடமும் இருந்தால் உங்கள் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு. சுமப்பவரைச் சாதாரண ரத்தச் சோதனை காட்டாது, ஜீன் சோதனைதான் காட்டும். பாம்பே குரூப் நோய் இல்லை, உன் அப்பா இத்தனை வருஷம் தோப்பில் உழைத்தவர்தானே. ரத்தம் வேண்டிவரும்போதுதான் கஷ்டம். ஆனால் நெருங்கின சொந்தத்தில் மறைந்து வருவது இது ஒன்று மட்டும் இல்லை. நிச்சயத்துக்கு முன்னால் இரண்டு பேரும் ஒரு மரபியல் டாக்டரைப் பாருங்கள்.

அப்பா வீட்டுக்கு வந்ததும் லைசென்ஸில் அந்த ஓ-வை மாற்றச் சொல். அதுவரை சட்டைப் பையில் ஒரு சீட்டு இருக்கட்டும், தமிழிலும் மலையாளத்திலும் இங்கிலீஷிலும். சித்தப்பாவுக்கும் ஒன்று எழுதிக் கொடு.