எங்கள் படலையைத் தாண்டிப் போன பவுசர்: உங்களுக்கும் இப்படி நடந்ததா?

நிலாவெளி வடலி:
கச்சான் காற்று. காய்ந்த இலுக்குப் புல். வேகத்தை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. பின்காணியில் பிடித்த நெருப்பு எங்கள் பனை வடலிக்குள் இறங்கிவிட்டது. தீயணைப்புக்கு, 110க்கு அடித்தோம். சைரன் கேட்டதும் அம்மா ஓடிப்போய்ப் படலையை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றா. பவுசர் நிற்கவில்லை. உள்ளே இருந்த பெடியன் எங்களைப் பார்த்து, முன்னால் போகிறோம் என்கிற மாதிரி கையை மட்டும் காட்டினான். அந்தக் கை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சந்திக்கு அங்கால் காஸ் சிலிண்டர் விற்கிற கடைக்குப் பின்னால் பற்றை எரிந்ததாம். ஒரு சிலிண்டர்கூட வெடிக்கவில்லை. எங்கள் வடலி முழுக்கப் போயிற்று. யார் இதைத் தீர்மானிக்கிறார்கள்?

சாம்பல்தீவான்:
பவுசர் போனபடியால்தானே அண்ணை வெடிக்கவில்லை! கோபம் விளங்குகிறது, ஆனால் இதையே சீனன்குடா எண்ணெய்த் தாங்கிப் பக்கம் புகை என்று வைத்துப் பாருங்கள்.
என்னுடையது கன்னியாப் பக்கம், காட்டோரம். எல்லோரும் பச்சைக் குழையால் அடித்துக்கொண்டிருந்தோம். வந்த உத்தியோகத்தர் சரிவை அப்படியே விடச் சொன்னார். மேலே பாறை, அதில் முட்டி நின்றுவிடும் என்றார். எங்களை இறக்கி, மாட்டுப்பட்டிக்கு முன்னால் மண்வெட்டியால் புல்லைச் செதுக்க விட்டார். ஒரு ஐயா மட்டும் கேட்கவில்லை. கைவிட்ட சரிவுக்கே குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றிக்கொண்டிருந்தார். அவருடைய விறகு அங்கேதான் அடுக்கியிருந்தது.

கனடாத் திருமலை:
இரண்டு பேர் சொன்னதும் சரி, ஆனால் பாதிதான். 2023இல் இங்கே நாடே எரிந்தது. மே மாதமே நாடளவிலான தீயணைப்பு ஆயத்தநிலை 5, அதற்கு மேல் படி இல்லை. ஆகஸ்டில் யெலோநைஃப் நகரத்தையே வெளியேற்றினார்கள், ஏறக்குறைய 20,000 பேர். கியூபெக் வடக்கில் ஊர் இல்லாத இடத்துத் தீயைப் பெரும்பாலும் கண்காணிப்பதோடு விட்டார்கள். வரைபடத்தில் அத்தனை பெரிய சிவப்புத் திட்டுக்குப் பக்கத்தில் ஆட்கள் இல்லை என்று பார்த்தபோது எனக்கு வயிறு கலங்கியது.
அமெரிக்காவில் ஐடஹோ மாநிலத்து பொய்சியில் பல திணைக்களங்களும் சேர்ந்த குழு இருந்து, எந்தத் தீக்கு ஆள், எதற்கு விமானம் என்று வரிசைப்படுத்துகிறது. மனித உயிர் முதலில். அப்புறம் புதிதாகப் பிடிக்கிற சின்னத் தீக்கு ஆட்களைக் கையில் வைத்திருப்பது. அப்புறம் ஊர், மின்கம்பி, வீதி. பெரிய தீ என்பதற்காக முன்னிடம் கிடைக்காது. நூறு பேர் போனாலும் அசையாத தீயில் அவர்களை முடக்கினால், பத்துப் பேர் அணைக்கக்கூடிய அடுத்த தீ கைமீறிவிடும்.
அதனால் வடலி அண்ணை, ஆனி பிறக்க முதல் இலுக்கை வெட்டுங்கள். வேலியோரம் வெறும்மண்ணாகப் பட்டை விடுங்கள். காவோலையை மரத்தடியில் குவிக்காதீர்கள். தண்ணீர்த் தாங்கியை நிரப்பி, குழாய் வேலிவரை எட்டுகிறதா என்று இழுத்துப் பாருங்கள். பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து மண்வெட்டி, சாக்கு எல்லாம் ஓரிடத்தில் வையுங்கள்.

நிலாவெளி வடலி:
தம்பி, புத்தி கேட்டு நான் எழுதவில்லை. பொய்சியில் ஏன் வரவில்லை என்று கேட்டால் சொல்ல ஒரு வரிசையாவது இருக்கிறது. எங்களுக்கு ஒரு கைதான். என் பக்கத்து இலுக்கை ஒவ்வொரு வருடமும் வெட்டுகிறேன். நெருப்பு வந்த பின்காணிக்குச் சொந்தக்காரர் உங்கள் ஸ்காபரோவில்தான் இருக்கிறார். முடிந்தால் போய் அவரிடம் சொல்லுங்கள்.