உதவி: பனிக்காட்டு வேட்டைக்கு எடுத்த பண்டல் கடை பூட், அடி பிளக்கிறது, உள்ளே ஈரம்

லயத்துவாசி (சுங்கை சிப்புட், மலேசியா):
வணக்கம். நவம்பர் நடுவில் 12 நாள் கனடா, ஆல்பர்ட்டா போகிறேன். அங்கே மச்சான் மான் வேட்டைக்குப் போவார். உரிமம், துப்பாக்கி எல்லாம் அவருடையது. நான் கூடப் போய் உட்காருகிற ஆள்தான். விடியுமுன் 2 கிலோமீட்டர் நடை, பிறகு மறைவில் 4 மணி நேரம் அசையக் கூடாதாம். குளிர் மைனஸ் 5 முதல் மைனஸ் 20 வரை போகும் என்கிறார்.

ஈப்போ பண்டல் கடையில் (பழைய சாமான் விற்கிற கடை) 180 வெள்ளிக்கு (ரிங்கிட்) ஒரு தோல் பூட் எடுத்தேன். கோர்-டெக்ஸ் (தண்ணீர் புகாத உள்சவ்வு), 400 கிராம் தின்சுலேட் (குளிர் தாங்கும் பஞ்சு) என்று முத்திரை இருக்கிறது. மேல்தோல் புதுசு மாதிரி. இரண்டு நாள் போட்டு நடந்ததில் இடது பூட்டின் அடி குதிகால் பக்கம் வாய் திறக்கிறது, உள்ளேயிருந்து பிசுபிசுப்பான கறுப்புத் தூள் கொட்டுகிறது. வலது பூட்டைப் போட்டுப் பக்கெட் தண்ணீரில் நின்றேன், காலுறை நனைந்துவிட்டது.

சப்பாத்து தைக்கிறவரிடம் கொடுத்து ஒட்டலாமா? இல்லை, செம்பனைக் காட்டுக்குப் போடும் ரப்பர் பூட்டில் இரண்டு காலுறை மாட்டினால் தாங்குமா?

தோல்தையல்:
ஒட்டாதீங்க தம்பி. பசை போனதால் வந்த பிளவு இல்லை இது, அடியே மக்கிப்போய்விட்டது. மேல்தோலுக்கும் தரையில் படும் ரப்பருக்கும் நடுவே இருக்கும் மெத்தை பாலியூரித்தேன் நுரை. ஈரக்காற்று அதன் உள்கட்டைச் சிதைக்கும். போட்டு நடந்தாலும் நடக்காவிட்டாலும் வருஷக்கணக்கில் இது நடந்துகொண்டே இருக்கும். நம்ம ஊர்ப் புழுக்கத்தில், அதுவும் பிளாஸ்டிக் பையில் கட்டி அடைத்து வைத்தால், இன்னும் சீக்கிரம். அதனால்தான் மேலே புதுசாக இருக்கும், கீழே மாவாகும்.

வலது பூட்டையும் பாருங்கள். அடியின் பக்கவாட்டில், ரப்பருக்கு மேலே உள்ள நுரையைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். நல்ல நுரை அமுங்கி எழும். மக்கியது நகத்தடத்தோடு அப்படியே நிற்கும், அல்லது பிஸ்கட் மாதிரி உதிரும். பிறகு பூட்டை முன்பாதத்தில் மடக்கிப் பிடித்து வெளிச்சத்தில் காட்டுங்கள். மயிரிழை வெடிப்பு தெரிந்தால் அதுவும் போச்சு.

தூளின் மேல் எந்தப் பசை வைத்தாலும் பசை தூளைத்தான் பிடிக்கும். நுரையை முழுக்கச் சுரண்டி எடுத்து மெத்தையோடு புது அடி போடலாம், ஆனால் அந்தக் கூலிக்கு வேறு பூட்டே வாங்கலாம். இனி பண்டலில் எடுப்பதாக இருந்தால், நாக்கின் உள்பக்கச் சீட்டில் தயாரித்த மாதமும் ஆண்டும் இருக்கிறதா என்று தேடுங்கள், பல பூட்டுகளில் இருக்கும். மெத்தை ஈவிஏ என்கிற வேறு வகை நுரையாக இருந்தால் இப்படி மக்காது, நாளாக நாளாக அமுங்கும், அவ்வளவுதான்.

பால்மரம்:
ரப்பர் பூட் கேள்விக்கு நான் சொல்கிறேன். முதலில் அது ரப்பர்தானா? இப்போது தோட்டத்துக் கடைகளில் தொங்கும் பலதும் பிவிசி பிளாஸ்டிக். அடியிலோ கழுத்திலோ எழுத்தாகவே இருக்கும், தடவிப் பாருங்கள். பிவிசியை மெத்தென்று வைத்திருப்பது அதில் கலந்த இளக்கி. உறைகுளிரில் அது விறைத்துவிடும், மடக்கினால் வெடிக்கும். இயற்கை ரப்பர் அந்தக் குளிரிலும் வளைந்து கொடுக்கும்.

ஆனால் ரப்பரே ஆனாலும் உங்களுடையது வெறும் ஒற்றை அடுக்கு. தண்ணீரை நிறுத்தும், குளிரை நிறுத்தாது. குளிர்நாட்டு ரப்பர் பூட்டில் உள்ளே 3.5 அல்லது 5 மில்லிமீட்டர் நியோப்ரின் (நுரை ரப்பர்) ஒட்டியிருக்கும்.

இரண்டு காலுறை என்பது பூட்டில் இடம் இருந்தால்தான். இறுக்கினால் இரண்டு நஷ்டம்: சூட்டைப் பிடித்து வைப்பது துணியல்ல, அதற்குள் நிற்கும் காற்று, நசுக்கினால் காற்று போய்விடும். ரத்த ஓட்டமும் குறையும். மூன்றாவது காலுறை போட்டபிறகுதான் விரல் மரத்துப்போகிறது என்று சொல்கிறவர்கள் நிறையப் பேர்.

மலைநடை_82:
எதற்கு இவ்வளவு? 1200 கிராம் பூட் ஒன்று எடுத்தால் தீர்ந்தது.

வடக்குக்காற்று (எட்மண்டன்):
தீராது தம்பி, அங்கேதான் ஆரம்பம். 1200 கிராம் பூட்டில் 2 கிலோமீட்டர் நடந்தால் பாதம் வேர்த்துவிடும். உட்கார்ந்த அரை மணியில் அந்த வேர்வை சில்லிட்டு, பிறகு எந்தப் பஞ்சும் உதவாது.

லயத்துவாசி, 400 கிராம் என்பது பூட்டின் எடையில்லை, ஒரு சதுர மீட்டர் பஞ்சின் எடை. நடந்துகொண்டே இருக்கிற வேட்டைக்கு 200-400. நடையும் உட்காருதலும் கலந்தால் 600-800. மைனஸ் குளிரில் மணிக்கணக்கில் உட்கார 1000-க்கு மேல். அட்டைப்பெட்டியில் "மைனஸ் 40" என்று போட்டிருப்பதை நம்பிவிடாதீங்க. எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான ஒரே அளவுகோல் அதற்குக் கிடையாது, நடக்கிற ஆளை வைத்துச் சொன்னதாகவும் இருக்கும்.

உங்களுக்குப் பொருந்துவது பாக் பூட் என்கிற வகை. கீழே ரப்பர் கிண்ணம், மேலே தோல் அல்லது நைலான், உள்ளே கழற்றி எடுக்கக்கூடிய கம்பளி உள்ளுறை. உள்ளுறை இரண்டு ஜோடி வாங்குங்கள். இன்று போட்டது இரவில் காயும், நாளைக்கு மற்றது. தைத்து ஒட்டிய பஞ்சு ஒரே இரவில் காயாது, 12 நாள் பயணத்தில் அதுதான் கழுத்தை அறுக்கும்.

நடை எப்படி என்றால்: மெல்லிய மெரினோ கம்பளிக் காலுறை ஒன்று, லேஸ் தளர்வாக, மெதுவாக. மறைவுக்குப் போனதும் அதைக் கழற்றி, காய்ந்த தடிமனான கம்பளிக் காலுறையை மாட்டி, லேஸை இறுக்காமல் கட்டுங்கள். பருத்திக் காலுறை ஒன்றுகூட எடுத்துப் போக வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்தால் விடாது. காலுக்கடியில் தண்ணீர் குடிக்காத (மூடிய கண்) நுரைப் பாய்த் துண்டு ஒன்று, 30-க்கு 40 சென்டிமீட்டர் போதும். உறைந்த தரை அடி வழியாகத்தான் சூட்டை உறிஞ்சும். தலையும் தொடையும் குளிர்ந்தால் உடம்பு முதலில் வெட்டுவது பாதத்துக்குப் போகிற ரத்தத்தை, ஆகவே குல்லாயும் உள்பேண்டும் பூட்டில் சேர்ந்ததுதான்.

லயத்துவாசி:
நன்றி அக்கா. நகத்தால் அழுத்தினேன் அண்ணே, வலதும் உதிர்கிறது. ஆனால் அந்த ஈரம் ஏன் என்று தெரியவில்லை. ஒழுகலா, வேர்வையா? அடுத்த பூட்டில் ஏமாறக்கூடாது, அதற்காகக் கேட்கிறேன்.

தோல்தையல்:
இரண்டு சோதனை. முதலில் காலே இல்லாமல்: உள்ளே செய்தித்தாளைக் கசக்கி நுனிவரை திணியுங்கள். நாக்கும் மேல்தோலும் சேர்கிற மடிப்பு எவ்வளவு உயரம் என்று விரலால் தடவி, அதற்கு இரண்டு விரல் கீழே நிற்கும்படி பக்கெட்டில் தண்ணீர் விட்டு பூட்டை நிறுத்துங்கள். அந்த மடிப்புக்கு மேலே ஏறினால் எந்த பூட்டும் குடிக்கும், அதை ஒழுகல் என்று சொல்ல முடியாது. பூட் மிதக்கும், உள்ளே ஒரு செங்கல் வையுங்கள். 30 நிமிடம் கழித்துத் தாளைத் துண்டு துண்டாக எடுத்தால் எந்த இடம் ஈரம் என்று தெரியும். முன்பாதம் மடங்குகிற கோட்டில் ஈரம் என்றால் உள்சவ்வு கிழிந்திருக்கிறது, ஒன்றும் செய்வதற்கில்லை.

தாள் காய்ந்திருந்தால் இரண்டாவது: காலுறைக்கு மேலே மெல்லிய பிளாஸ்டிக் பை மாட்டி, பூட்டைப் போட்டு ஈரத் தரையில் ஒரு மணி நேரம் நடங்கள். காலுறை ஈரம், பையின் வெளிப்பக்கம் காய்ந்திருந்தால் வேர்வை. பைக்கு வெளியே ஈரம் என்றால் ஒழுகல். நம்ம ஊர் 32 டிகிரியில் 400 கிராம் பூட் போட்டால் வேர்க்காமல் இருக்குமா? அதனால் தாள் சோதனைதான் முக்கியம்.

பால்மரம்:
கதகதப்பையும் வாங்குமுன் ஒப்பிடலாம். ஒரே மாதிரி இரண்டு பாட்டிலில் 40 டிகிரி தண்ணீர் ஒரே அளவு நிரப்பி, இரண்டு பூட்டிலும் ஒவ்வொன்று வையுங்கள். வாயைத் துணியால் அடைத்து, பசாரில் வாங்கிய நொறுக்கு ஐஸில் ஒரு மணி நேரம் நிறுத்திவிட்டுச் சமையல் வெப்பமானியில் பாருங்கள். எது அதிகம் சூடாக இருக்கிறதோ அது மேல். காலை விட்டு ஐஸில் நின்று பார்ப்பது வேஸ்ட், இங்கே உடம்பு முழுக்கச் சூடு, எந்த பூட்டும் நல்ல பூட்டாகத்தான் தெரியும்.

லயத்துவாசி:
இங்கே வாங்கட்டுமா, அங்கே போய் வாங்கட்டுமா?

வடக்குக்காற்று (எட்மண்டன்):
தோல் பூட் என்றால் அங்கேயே வாங்கிப் பழக்கிக்கொண்டு வாருங்கள் என்பேன், மூன்று நான்கு வாரம் ஆகும். பாக் பூட்டுக்கு அவ்வளவு பழக்கம் தேவையில்லை, வந்து இறங்கி வாங்குங்கள். சாயங்காலம் போங்கள், அப்போது பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும். தடிமனான காலுறையைக் கையோடு எடுத்துப் போய், அதைப் போட்டுக்கொண்டு அளவு பாருங்கள். லேஸ் கட்டாமல் காலை முன்னே தள்ளினால் குதிகாலுக்குப் பின்னால் ஒரு விரல் நுழைய வேண்டும், கட்டியபிறகு விரல்களை மடக்கி நீட்ட முடிய வேண்டும். அமெரிக்க அளவில் ஆண்களுக்கு யூகே அளவைவிட ஏறக்குறைய ஒன்று கூடுதல், அதைக் குழப்பிக்கொள்ளாதீங்க.

இன்னொன்று: செம்பனைக் காட்டு பூட்டைப் பெட்டியில் போடாதீங்க. மண் ஒட்டிய காலணிக்குக் கனடாவில் அனுமதியில்லை, தோட்டம் பண்ணை போய்வந்தீர்களா என்றும் சுங்கத்தில் கேட்பார்கள். எடுத்துத்தான் வருவேன் என்றால் அடிப்பள்ளத்தைப் பல்துலக்கியால் தேய்த்துக் கழுவிக் காய வைத்து, கேட்கும்போது சொல்லிவிடுங்கள்.

உள்ளுறையை இரவில் கழற்றி, கயிற்றில் தலைகீழாகத் தொங்கவிடுங்கள். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் வெளிக்கூட்டின் பசை இளகும், தோல் வெடிக்கும். கூட்டுக்குள் செய்தித்தாள் திணித்து இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

லயத்துவாசி:
சரி அக்கா, அங்கே வந்தே எடுக்கிறேன். இந்த 180 வெள்ளி போனது போனதுதானா அண்ணே?

தோல்தையல்:
போனதுதான். லேஸை மட்டும் உருவி வைத்துக்கொள்ளுங்கள், நைலான் லேஸ் மக்காது.