ஹட்டன் மெயின் ரோட்டுக் கடையை விட்டுட்டு டவுனுக்கு வெளியே போகலாமா?

கேள்வி – ஹட்டன் புடவைக்கடை அக்கா

எல்லாருக்கும் வணக்கம். மெயின் ரோட்டில் அப்பா காலத்துப் புடவைக்கடை எங்களோடது. ரெண்டு கதவு அகலம்தான். ஆனா தேயிலைத் தோட்டத்தில் தீபாவளி அட்வான்ஸ் கொடுக்கிற வாரம் உள்ளே நிற்க இடமிருக்காது. இப்ப கட்டிடக்காரர் அடுத்த அக்ரிமென்டுக்குக் கேட்கிற கீ மணியை, அதாவது வாடகைக்கு மேல முன்கூட்டியே மொத்தமா வாங்குற காசைக் கேட்டா தலை சுத்துது.

இந்த நேரம் பார்த்து கொட்டகலைப் பக்கம் ரோட்டோரமா ஒருத்தர் மூணு மாடி எழுப்பிக்கிட்டிருக்கார். கீழே சூப்பர் மார்க்கெட், மேலே சின்னக் கடைகள், பின்னால கார் நிறுத்த இடம். "இனி யாவாரமெல்லாம் டவுனுக்கு வெளியதான் தங்கச்சி, வெள்ளைக்காரன் நாட்டுல அப்படித்தானே" என்கிறார். வீட்டுக்காரர் பாதி சாய்ஞ்சிட்டார். எனக்கு மனசு ஒப்பல. அங்கே நெசமா அப்படித்தான் நடந்ததா? ஏன் நடந்தது?

பதில் – டிக்கோயாக்காரன் (இப்ப இங்கிலாந்து)

நடந்தது உண்மை அக்கா. நான் இருக்கிற டட்லியே அதுக்குச் சாட்சி.

1982இல் இங்கே பக்கத்தில் ரவுண்ட் ஓக் இரும்பாலையை மூடினாங்க. வேலை போன இடமாச்சே என்று அந்தப் பகுதியில் கட்டுறவங்களுக்கு உள்ளூர் வரியைப் பத்து வருஷத்துக்குத் தள்ளுபடி செய்தது அரசாங்கம். தொழிற்சாலை வரும் என்றுதான் கணக்கு. வந்து நின்றது மெரி ஹில் என்கிற ஷொப்பிங் சென்டர். 1990இல் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் என்கிற பெரிய துணிக்கடை, டட்லி டவுன் கடையை மூடிட்டு அங்கே போச்சு. பெரிய கடைக்கு வர்ற கூட்டத்தை வைத்துத்தான் பக்கத்துச் செருப்புக்கடையும் பேக்கரியும் பிழைச்சது. கூட்டம் போனதும் அதுங்களும் ஒண்ணொண்ணா ஷட்டரை இழுத்துச்சு. அந்தத் தெரு இன்னும் முழுசா எழும்பல.

காரணம் ஒண்ணே ஒண்ணு என்றால் கார். டவுனுக்குள்ள நிறுத்தக் காசு, வெளியே சும்மா. 1999இல் லண்டனுக்குக் கிழக்கே பழைய சுண்ணக்கல் குழிக்குள்ள திறந்த புளூவாட்டர் ஷொப்பிங் சென்டரில் 13,000 கார் இலவசமா நிற்கலாம். 1996இல்தான் அரசாங்கம் விழிச்சு, முதல்ல டவுனுக்குள்ள இடம் தேடு, இல்லாட்டி டவுன் ஓரம், அதுவும் இல்லாட்டித்தான் வெளியே என்று கட்டாயமாக்கியது. அதுக்குள்ள பல டவுன்களில் காரியம் முடிஞ்சு போச்சு.

அதனால நீங்க கேட்க வேண்டியது வேற கேள்வி: உங்க கடைக்கு வர்ற சனம் எதில வருது?

பதில் – போகவந்தலாவ கண்டக்டர்

பஸ்ஸில வருது, வேற எதில? நான்தானே ஏத்துறேன்.

அக்கா, போகவந்தலாவ, நோர்வூட், மஸ்கெலியா பஸ் எல்லாம் டிக்கோயாப் பக்கமா ஹட்டனுக்குள்ள வருது. கொட்டகலை அந்தப் பக்கம். ஹட்டனில் இறங்கி இன்னொரு பஸ் பிடிக்கணும், திரும்பி வந்து மறுபடி எங்க பஸ்ஸுக்குக் காத்து நிற்கணும். சம்பளம் போட்ட ஞாயித்துக்கிழமை பாருங்க: ஒரு கையில அரிசிப் பை, இன்னொரு கையில புள்ள, புள்ளையோட புது சப்பாத்துப் பெட்டி பல்லுக்கிடையில. அந்த அம்மா சேலை எடுக்கக் கொட்டகலை போவாங்களா? சீட் பிடிச்சுப் பையை வைச்சிட்டு, பஸ் எடுக்கிறதுக்குள்ள ஓடிப்போய் பாவாடைத் துணி வாங்கிட்டு வர்ற ஆளுங்க இவங்க. நானும் டிரைவரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லித்தான் சமாளிக்கிறேன்!

பதில் – மஸ்கெலியா டீச்சர்

எங்க ஊர்க் கடைத்தெரு ஒரு தடவை முழுசா இடம் மாறியிருக்கு. 1969இல் மவுசாகலை அணைக்குத் தண்ணி கட்டினப்ப பழைய மஸ்கெலியா டவுன் மூழ்கிப் போச்சு. நீர்மட்டம் இறங்குற காலத்தில் பழைய கோயில் இன்னைக்கும் வெளியே தெரியும். ஆனா அப்ப போக்கிடம் ஒண்ணுதான். கடைக்காரர், வாங்குறவங்க, கோயில், பஸ் எல்லாம் ஒரே பக்கம் மேலே ஏறினாங்க. டட்லியில் பாதி போய்ப் பாதி நின்றதாலதான் நின்ற பாதி செத்துச்சு. நீங்க தனியாப் போறது மூணாவது வகை, அதுதான் ரொம்ப ஆபத்து.

பதில் – தலவாக்கலைப் பையன்

எல்லாரும் பழைய கதையே பேசுறீங்க. கொழும்பில் வேலை செய்யிற எங்க அக்கா அம்மாவுக்கு போனில் சேலை ஓடர் பண்றா, கூரியர் தோட்டத்துக்கே வருது. கண்டி சிட்டி சென்டரும் ஊர் நடுவிலதான் இருக்கு, வெளியே இல்லை. மலையில கார் பார்க் போடுற அளவுக்குச் சமதரை எங்கே?

பதில் – டிக்கோயாக்காரன்

தம்பி சொல்றதும் சரி. இங்கே வூல்வர்த்ஸ் என்கிற பலசரக்குச் சங்கிலிக் கடை 800க்கு மேல இருந்த கடைகளை 2009 ஜனவரிக்குள்ள மூடிச்சு. 2021இல் டெபன்ஹாம்ஸ் என்கிற பெரிய துணிக்கடை மூடினப்ப ஷொப்பிங் சென்டருக்குள்ள இருந்த அதோட கடைகளும் சேர்ந்தே போச்சு. வெளியே போனவங்களையும் இன்டர்நெட் விடல. ஆனா அக்கா, துணியைத் தடவிப் பார்த்து, "இதுக்கு பிளவுஸ் துணி பொருந்துமா" என்று கேட்டு எடுக்கிற சனம் அவ்வளவு சீக்கிரம் போனுக்குப் போகாது என்பது என் எண்ணம்.

பதில் – ஹட்டன் புடவைக்கடை அக்கா

கண்டக்டர் தம்பி சொன்னதை வீட்டுக்காரருக்கு வாசிச்சுக் காட்டினேன், சிரிச்சிட்டார். ஆனா கீ மணி பிரச்சினை அப்படியே இருக்கே. கட்டிடக்காரர் இறங்கி வரலைன்னா?

பதில் – டிக்கோயாக்காரன்

பஸ் ஸ்டாண்டைச் சுத்தியுள்ள குறுக்குச் சந்து, மாடி எதையாவது முதல்ல தேடுங்க. கொட்டகலைக்காரரை அடியோட வெட்டாதீங்க, ஒண்ணு மட்டும் கேளுங்க: கீழ் மாடிக்கு சூப்பர் மார்க்கெட் கையெழுத்துப் போட்டாச்சா? இப்படிக் கட்டிடங்களில் பெரிய கடைக்கு வாடகையைக் குறைச்சுக் கொடுத்து, அது இழுக்கிற கூட்டத்தைக் காட்டிச் சின்னக் கடைகளிடம் கூட்டி வாங்குவாங்க. கையெழுத்து இல்லைன்னா அவர் விற்கிறது வெறும் பேச்சு. பத்திரத்தைக் காட்டினாலும், அந்தக் கடை திறக்கிற நாள்வரை உங்களுக்கு வாடகை ஓடாது என்று அக்ரிமென்டில் எழுத வைங்க.