‘மருந்தில்லா பீஃப்’ போர்டு சென்னையில நிக்குமா?

பெரம்பூர்_கறிக்கடை:
“ஆன்டிபயாட்டிக் இல்லை, ஹார்மோன் இல்லை”ன்னு போர்டு மாட்டி பீஃப் விக்கலாம்னு இந்தக் குழுவுல பேச்சு ஓடுது. ஹார்மோனை முதல்ல விடுங்க. மாட்டோட காதுத் தோலுக்கு அடியில ஹார்மோன் குளிகை வைக்கிறது அமெரிக்கப் பழக்கம். ஐரோப்பா 1989லயே அந்தக் கறிக்குக் கதவைச் சாத்திடுச்சு. நம்ம சந்தை மாட்டுக்கு யார் வைக்கிறா? நடக்காததை நடக்கலைன்னு எழுதிக் காசு வாங்குறதா?

பொன்னேரி_தொழுவம்:
ஹார்மோன் விஷயம் சரிதான். ஆனா ஆன்டிபயாட்டிக் இல்லாம வளர்க்க முடியும். கன்னு விழுந்து 6 மணி நேரத்துக்குள்ள சீம்பால், தொப்புள்ல டிங்சர் அயோடின். மழைக்கு முன்னாடி தொண்டை அடைப்பான், சப்பை நோய்க்கு ஊசி. கோமாரிக்கு வருஷம் ரெண்டு தடவை. தடுப்பூசி ஆன்டிபயாட்டிக் கணக்குல வராது.

பெரம்பூர்_கறிக்கடை:
கன்னு கதை எதுக்கு சார்? மாட்டை அறுக்கணும்னா தமிழ்நாட்டோட 1958 விலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி 10 வயசு தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் ஆகாதுன்னு சான்று வேணும். இல்லைன்னா நிரந்தரமா முடமாகியிருக்கணும். அதனால ஆட்டுத்தொட்டிக்கு, அதான் அறுப்புக்கூடத்துக்கு, வர்றது பால் வத்துன எருமை, வண்டி இழுத்த மாடு. மடிநோய்க்குக் காம்புல மருந்து ஏத்துவாங்க, தேறலைன்னா அதே வாரம் வியாபாரி கையில. அதோட ஊசிக்கணக்கு எந்த நோட்டுல இருக்கு?

பொன்னேரி_தொழுவம்:
அதுக்குத்தான் வாங்கி 90 நாள் கட்டித் தேத்தணும்ங்கறேன். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணியில கரைச்சுத் தெளிச்சு, காத்துப் புகாம 21 நாள் மூடணும். போடுறதுக்கு முன்னாடி பரப்பி நெடி போகவிடணும். கூட கல்யாண மண்டபத்து மிச்சச் சோறு கிடைக்குது, செலவு குறையும்.

மாதவரம்_கால்நடை:
சோறுதான் வினை. பசிச்ச மாடு ஒரே வேளையில வாளி வாளியாத் தின்னா வயித்துல அமிலம் ஏறி உள்சுவர் புண்ணாகும், அசை நிக்கும், புளிச்ச நெடியோட தண்ணியாக் கழியும். அந்தப் புண்ணு வழியாக் கிருமி ரத்தத்துல இறங்கி ஈரல்ல சீழ்க்கட்டி கட்டும். அமெரிக்கப் பண்ணைகள்ல டைலோசின்ங்கற ஆன்டிபயாட்டிக்கைத் தீவனத்துல கலக்குறதே அதுக்குத்தான். மருந்து வேணாம்னா நார்த்தீனிதான் முதல்ல. அடர்தீவனம் (தானியம், தவிடு, புண்ணாக்கு) அரைக் கிலோவுல ஆரம்பிச்சு 3, 4 நாளுக்கு ஒரு தடவை கொஞ்சம் கூட்டுங்க.

அடுத்தது, காய்ச்சல்ல கிடக்குற மாட்டுக்குப் போர்டுக்காக மருந்தை நிறுத்துறது கொடுமை. வைத்தியம் பாருங்க, காதுவில்லை எண், மருந்து, தேதி மூணையும் எழுதுங்க, அந்த மாட்டைப் போர்டுக் கணக்குல சேர்க்காதீங்க. நீடிச்சு வேலை செய்யுற ஆக்ஸிடெட்ராசைக்ளின் ஆன்டிபயாட்டிக்குக்கு, அறுக்குறதுக்கு முன்னாடி 28 நாள் காத்திருக்கணும்னு புட்டியிலேயே இருக்கும். கோலிஸ்டின்ங்கற ஆன்டிபயாட்டிக்கைக் கறி, பால் தர்ற கால்நடைக்கு 2019லயே தடை பண்ணியாச்சு.

பெரம்பூர்_கறிக்கடை:
நாமதான் குக்கர்ல வேகவைக்குறோமே டாக்டர், மிச்சம் மீதி போயிடாதா?

மாதவரம்_கால்நடை:
என்ரோஃப்ளாக்சசின் மாதிரி ஆன்டிபயாட்டிக் சூட்டுக்கு அசையாது. கிட்னியிலயும் ஊசி போட்ட கழுத்துச் சதையிலயும் அதிகமாத் தங்கும். போர்டுல “ஒருபோதும் இல்லை”ன்னு எழுத வழியே இல்லை. “கடைசி 90 நாளா இல்லை”ன்னு எழுதலாம், நோட்டு இருந்தா.

பெரம்பூர்_கறிக்கடை:
90 நாள் தீனிக் காசை யார் தலையில கட்டுறது? பல்லு தேஞ்ச எருமை அதுக்கு ஈடா எடை ஏறாது.

பொன்னேரி_தொழுவம்:
பல்லைப் பார்த்துக் கழிச்சுட்டுத்தான் வாங்கணும். மீதியைக் கிலோ விலையில ஏத்திப் பார்ப்போம்.