புதுப்பிப்பு: மூட்டு வலி உள்ள அம்மாவோடு பாஸ்டன் ஃப்ரீடம் டிரெயில்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஃப்ரீடம் டிரெயில் என்பது அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் வரலாற்று இடங்களை இணைக்கும் நடைபாதை. அந்த நாலு கிலோமீட்டர் பாதையை அம்மாவால் ஒரே நாளில் நடக்க முடியுமா என்று கேட்டிருந்தேன். முடிந்தது.

கைகொடுத்தது "தலைகீழாகப் போங்கள்", அதாவது பாதை முடியும் சார்லஸ்டவுன் பக்கத்திலிருந்து தொடங்குங்கள் என்ற யோசனைதான். காலையில் லாங் வார்ஃப் படகுத்துறையில் படகு ஏறினோம். பத்து நிமிடத்தில் சார்லஸ்டவுன். 1797இல் நீரில் இறக்கப்பட்ட கான்ஸ்டிட்யூஷன் என்ற பழைய போர்க்கப்பலை முதலில் பார்த்தோம். நுழைவில் அடையாள அட்டை கேட்டார்கள், பாஸ்போர்ட் கையில் இருந்ததால் பிழைத்தோம். பங்கர் ஹில் நினைவுத் தூணில் 294 படிகள், லிஃப்ட் கிடையாது. நான் மட்டும் ஏறினேன், அம்மா கீழே புல்வெளியில் இருந்தார்.

அப்புறம் மீண்டும் படகில் திரும்பி, சாப்பிட்டுவிட்டு, நார்த் எண்ட் என்ற பகுதிக்குப் போனோம். நான் எதிர்பாராதது ஓல்டு நார்த் தேவாலயம். அங்கே ஒவ்வொரு இருக்கை வரிசையும் கதவு வைத்த சிறு மரப்பெட்டி மாதிரி. அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். 1775இல் பிரிட்டிஷ் படை ஆற்றைக் கடந்து வருகிறது என்று எச்சரிக்க இரண்டு விளக்குகளை ஏற்றிக் காட்டிய கோபுரம் இதுதான் என்றதும் அவர் முகத்தில் வந்த வியப்பு மறக்காது.

பிறகு தரையில் பதித்த வழிகாட்டும் சிவப்புச் செங்கல் வரிசையைப் பின்பற்றியே பாஸ்டன் காமன் பூங்கா வரை மெதுவாக நடந்தோம். தரை பல இடங்களில் சமமாக இல்லை. நல்ல ஷூ கட்டாயம்.