அமெரிக்கக் கோயில்ல "கோத்திரம் என்ன"ன்னு கேட்டாங்க. உங்களுக்கு என்னங்க நடந்துச்சு?

கொடுமுடி ஆத்தோரம்:

மக வூட்டுக்கு நியூஜெர்சி போயிருந்தமுங்க. மாப்பிள்ளை நியூயார்க்ல இருக்கற ஃப்ளஷிங் பிள்ளையார் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனார். கோயிலப் பத்தி நான் சொல்ல ஒண்ணுமில்ல, போனவங்களுக்குத் தெரியும். சுத்தியும் செங்கல் வீடு, சைனாக்காரங்க கடை, நடுவால நம்மூரு கருங்கல் கோபுரம். விசயம் அது இல்லீங்க.

அர்ச்சனைச் சீட்டு வாங்கறப்ப அங்கிருந்த அம்மா பேரு, நட்சத்திரம் கேட்டுட்டு, கோத்திரம் என்னன்னாங்க. கொடுமுடி மகுடேசுவரர் கோயில்ல ஐயருக்கு எங்க வூட்டு ஆளுக அத்தனை பேரையும் தெரியும், ஒரு நாளும் கேட்டதில்ல. தெரிஞ்சதத்தான சொல்ல முடியும்? "ஈஞ்சன் கூட்டம்"னு சொன்னேன், எங்க கவுண்டமாருல குலத்தைக் கூட்டம்னுதான் சொல்றது. அந்தம்மா தெலுங்குக்காரங்க போல. கம்ப்யூட்டர்ல அடிக்கப் பார்த்தாங்க, முடியல, நிமிந்து என்னையப் பார்த்தாங்க. மாப்பிள்ளை குறுக்க பூந்து "சிவ கோத்திரம்னு போட்டுருங்க"ன்னுட்டார், கோத்திரம் தெரியாதவங்களுக்கு அப்படிப் போடறதுதானுங்க.

எனக்குப் பொறத்தால ஒரு வயசான அம்மா. முகமெல்லாம் அப்படியே நம்மூரு. கவுன் போட்டுட்டு தலையில வெள்ளைத் துணி கட்டியிருந்தாங்க. பேசறது மட்டும் ஒரு மாதிரி இழுவையான இங்கிலீசு. அவங்களுக்கும் அதே கேள்வி. ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டிட்டுச் சிரிச்சாங்க. அவங்களுக்கும் சிவ கோத்திரம்.

உள்ள ஐயர் எங்க ரெண்டு பேரு சங்கல்பத்தையும் ஒட்டுக்கா ஒரே மூச்சுல சொன்னார். அந்தம்மா என்ற பக்கம் திரும்பி, "சேம் கோத்ரா. மை பிரதர்"ன்னாங்க. நான் கும்பிட்டேன். பேரு கூடக் கேக்கல. ஊருக்கு வந்தும் அது மனசை வுட்டுப் போக மாட்டேங்குதுங்க.

கோபி மருமக:

அண்ணா, அவங்க தென்னமெரிக்காவுல இருக்கற கயானா நாட்டுக்காரங்களாத்தான் இருப்பாங்க. எங்க பையன் இருக்கறது ரிச்மண்ட் ஹில், அதுவும் ஃப்ளஷிங் மாதிரியே நியூயார்க்ல குயின்ஸ் பகுதிதான். லிபர்ட்டி அவென்யூ பூரா அவங்க கடைதான். 1838ல இருந்து 1917 வரைக்கும் வெள்ளைக்காரன் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல்ல ஏத்திட்டுப் போன சனத்தோட வாரிசுக. முக்காவாசிக்கு மேல கல்கத்தாவுல ஏறின வடக்கத்திக்காரங்க. மெட்ராஸ்ல ஏறினவங்க கொஞ்சம். அந்தக் கொஞ்சப் பேரு வழி வந்தவங்க இன்னமும் தங்களை மதராசின்னுதான் சொல்லிக்கறாங்க.

பக்கத்து வூட்டம்மா ஒரு ஞாயித்துக்கிழமை மாரியம்மன் பூசைக்கு வான்னாங்க. கோபுரம் கீபுரம் ஒண்ணுமில்ல, சாதாரண வூடு மாதிரி ஒரு கட்டடம். செருப்பைக் கழட்டறப்பவே மஞ்சத்தண்ணி வாசம். அப்புறம் தப்புச் சத்தம். எனக்கு அங்கயே கை காலெல்லாம் நடுங்கிப் போச்சுங்க. பாரியூர்ல கொண்டத்துக்காளி நோம்பிக்கு அடிக்கறாங்களே, அதே அடி. உடுக்கையும் இருந்துச்சு. பாட்டுல "மாரியம்மா", "தாயே"ங்கறது தெளிவாக் கேக்குது, மிச்சம் கரைஞ்சு போன தமிழு. பாடறவருக்கே அர்த்தம் தெரியாதாம். தாத்தன் பாடினதை அப்படியே பாடறாங்க.

ஒரு பொம்பளைக்கு அருள் வந்துருச்சு. வேப்பிலையக் கையில புடிச்சுட்டு நேரா என்கிட்ட வந்து நின்னு, இங்கிலீசுல என்னமோ கேட்டாங்க. நான் என்னத்தைக் கண்டேன்? "சொல்லு தாயீ"ன்னேன். வேப்பிலையால தோள்ல மூணு தட்டுத் தட்டிட்டு அடுத்தவங்ககிட்டப் போயிட்டாங்க. என்ன கேட்டாங்கன்னு பக்கத்து வூட்டம்மாளைக் கேட்டா, "அது உனக்குச் சொன்னது, நான் சொல்லக் கூடாது"ன்னுட்டாங்க.

இன்னொண்ணும் இருக்குது. தப்படிச்ச மனுசன்தான் பூசை முடிஞ்சதும் எல்லாத்துக்கும் திருநீறு வெச்சு வுட்டாரு. சோறு போட்டதும் அவருதான். நம்மூருல தப்படிக்கறவங்க எங்க நிப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும்.

ஏழாம் நம்பர் ரயில்:

கோபி அக்கா சொன்ன இடமெல்லாம் தேடித்தான் போகணும். முதல் தடவை போறவங்க ஃப்ளஷிங் கோயிலுக்கே போங்க. நான் அங்க பத்து வருசத்துக்கு மேல இருந்துட்டு இப்ப ஈரோட்டுல செட்டில் ஆயிட்டேன், அதனால சில விசயம் சொல்லிடறேன். மன்ஹாட்டன்ல இருந்து ஏழாம் நம்பர் ரயில், கடைசி ஸ்டேஷன் மெயின் ஸ்ட்ரீட். அங்கிருந்து ஒரு மைலுக்கு மேல. குளிர்ல அப்பா அம்மாவை நடக்க வெக்காதீங்க, பஸ் இருக்குது. சனி ஞாயிறு கார்ல போனா பார்க்கிங் கிடைக்காது. அடித்தளத்துல கேன்டீன் இருக்குது, சாமி கும்பிடாம தோசைக்குன்னே வர்ற வெள்ளைக்காரங்களும் உண்டு. முதல்ல அர்ச்சனை, அப்புறம் தோசை. மாத்திப் பண்ணினா ரெண்டு வரிசையிலயும் நிக்கணும்.

அங்க வரி கட்டற பிள்ளைக நன்கொடை குடுத்தா ரசீது வாங்கிக்கச் சொல்லுங்க, வருமான வரியில கழிச்சுக்கலாம். உங்க சொந்தத்துல குருக்கள் யாராச்சும் போறதா இருந்தா அதுக்கு ஆர்-1னு தனி விசா. முதல்ல முப்பது மாசம் வரைக்கும், நீட்டிச்சாலும் மொத்தம் அஞ்சு வருசம்தான். அதைத் தெரிஞ்சுக்காம போயிட்டு அப்புறம் அலையறவங்க இருக்காங்க.

கோயில் வரலாறும் தெரிஞ்சுக்குங்க. 1970ல சங்கமாப் பதிவு பண்ணினாங்க, அழகப்பா அழகப்பன் முன்ன நின்னு செஞ்சது. ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் சர்ச் இருந்த இடத்தை வாங்கி, 1977 ஜூலை 4 கும்பாபிஷேகம். அந்தத் தெரு பேரு பௌன் ஸ்ட்ரீட். ஜான் பௌன்னு ஒருத்தர், தன் வூட்டுல குவேக்கர்ங்கற கிறிஸ்தவப் பிரிவுக்காரங்களைச் சாமி கும்பிட வுட்டாருன்னு 1662ல அப்ப ஊரை ஆண்ட டச்சுக்காரன் புடிச்சு நாடு கடத்தினான். ஆளு ஹாலந்து போய் நியாயம் கேட்டு செயிச்சுத் திரும்பி வந்துட்டாரு. இப்ப அதே தெருவுக்கு 2022ல இருந்து கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட்டுன்னும் பலகை மாட்டியிருக்காங்க.

தமிழ்ச் சங்கத்துலயும் சேருங்க. நியூயார்க் தமிழ்ச் சங்கமும் 1970தான். பொங்கலுக்கு ஹால் கிடைக்கற சனிக்கிழமை பார்த்துத்தான் வெப்பாங்க, மாசி பொறந்துட்டாலும் ஆச்சரியப்படாதீங்க. என் அனுபவம்னு கேட்டா, ஒரு தடவை சாவியைக் கேன்டீன்ல வுட்டுட்டேன், எடுத்து வெச்சிருந்தாங்க. அவ்வளவுதான்.

வால்பாறை ரோடு:

ஏழாம் நம்பர் அண்ணா, யாரும் பஸ் ரூட் கேக்கலீங்க.

கொடுமுடிப் பெரியவருக்கு ஒண்ணு சொல்லணும். கவுண்டர்ல கூட்டம் பேரைச் சொன்னீங்களே, அது உங்களுக்கு ஊர்ப் பாசம். பொறத்தால நிக்கறவனுக்கு அது சாதி. நான் நியூஜெர்சியில நாலஞ்சு வருசம் வேலை பார்த்தேன். ஒரு பொங்கல் விழா, பள்ளிக்கூட ஹால். கையில சக்கரைப் பொங்கல் தட்டு. ஒருத்தர் சிரிச்ச முகமா வந்து "கோயமுத்தூரா?"ன்னார். பொள்ளாச்சின்னேன். "பொள்ளாச்சியில எங்க?" சொன்னேன். "அப்பா என்ன பண்றாரு?" சொன்னேன். "குலதெய்வம் எங்க?" அதையும் சொன்னேன். அந்த நாலாவது பதிலுக்கு அவரு முகம் மாறினதை நான் பார்த்தேன். சிரிப்பு அப்படியேதான் இருந்துச்சு, கண்ணு மட்டும் எனக்குப் பின்னால யாரையோ தேட ஆரம்பிச்சுருச்சு. "சாப்பிடுங்க, சாப்பிடுங்க"ன்னுட்டுப் போயிட்டார். நான் கடைசி வரைக்கும் இருந்து நாற்காலி மடக்கி வெச்சுட்டுத்தான் வந்தேன், பேரு குடுத்திருந்தேன்ல.

2023 பிப்ரவரியில சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை பண்ணுச்சு, அமெரிக்காவுலயே முதல் ஊரு. அதே வருசம் கலிபோர்னியாவுல சட்டமன்றம் நிறைவேத்தின அதே மாதிரி மசோதாவை அக்டோபர்ல ஆளுநர் திருப்பி அனுப்பிட்டார். இது வேணும்னு நின்னதும் நம்மாளுக, வேண்டாம்னு நின்னதும் நம்மாளுக. அங்க போனா சாதி போயிரும்னு பேசறவங்க அந்த விவாதக் கூட்டங்களுக்கு ஒரு தடவை போய்ப் பார்க்கணும்.

கொடுமுடி ஆத்தோரம்:

தம்பி, நான் பெருமைக்குச் சொல்லலீங்க. கேட்ட கேள்விக்கு எனக்குத் தெரிஞ்ச பதில் அது.

வால்பாறை ரோடு:

சரிங்க. அதே கேள்விய என்கிட்டக் கேட்டா எனக்குத் தெரிஞ்ச பதிலைச் சொல்லலாமா? சொன்னா என்ன ஆகும்னுதான் மேல எழுதியிருக்கறேன்.

பனியன் கம்பெனி:

சண்டை வேண்டாம், நான் என் கதையச் சொல்றேன். திருப்பூர்ல இருந்து நியூயார்க்குக்கு, எங்ககிட்டத் துணி வாங்கற பையரைப் பார்க்கப் போனேன், சாம்பிள்ல சாயம் சரியில்லன்னு காலையில இருந்து உக்கார வெச்சுத் திட்டு. பொழுதோட ஏர்போர்ட்டுக்கு டாக்சி புடிச்சா டிரைவர் சர்தார். "சாப்பிட்டியா?"ன்னார். இல்லன்னேன். விமானத்துக்கு நேரம் இருக்குதுன்னு ரிச்மண்ட் ஹில் குருத்வாராவுக்கு வண்டியத் திருப்பிட்டார். மீட்டரை ஆஃப் பண்ணிட்டார், அதை நான் பார்த்தேன்.

தலைக்குக் கர்ச்சீப் கட்டிக்கிட்டுத் தரையில வரிசையா உக்காந்தோம். ரொட்டி வந்தப்ப ஒத்தக் கைய நீட்டினேன். போடறவர் பேசாம நின்னார். பக்கத்துல இருந்த சின்னப் பையன் என்னோட இன்னொரு கையையும் இழுத்துச் சேர்த்து வுட்டான், அப்புறம்தான் ரொட்டி விழுந்துச்சு. யாரு, எந்த ஊருன்னு வெளிய வர்ற வரைக்கும் ஒருத்தர் கேக்கல. எங்க கம்பெனியில இப்பப் பாதிப் பேரு பீகார், ஒடிசா பசங்க. அவங்கள்ல யாராச்சும் நம்மூருக் கோயில் அன்னதானத்துக்குப் போறாங்களா, போனா உக்கார வுடறாங்களான்னு நான் விசாரிச்சதே இல்ல.

ஏழாம் நம்பர் ரயில்:

அந்தக் குருத்வாராவும் பழைய சர்ச் இருந்த இடந்தாங்க, 1972ல வாங்கினது. அங்கிருந்து ஜேஎஃப்கே ஏர்போர்ட் கிட்டத்துலதான், ஆனா வெள்ளிக்கிழமை சாயங்காலம் வான் விக் ரோட்டுல போகாதீங்க.

கோபி மருமக:

வால்பாறைத் தம்பி, நான் எழுதினதுல கடைசி நாலு வரியை மறுக்காப் படிங்க. நானும் அதைத்தான் சொன்னேன், சத்தம் போடாம.

கொடுமுடி அண்ணா, அந்தம்மா ஞாயித்துக்கிழமை பூசைக்கு வர்றவங்களான்னு விசாரிக்கச் சொல்லி பையன்கிட்டச் சொல்லியிருக்கறேன். தலையில வெள்ளைத் துணிங்கறது மட்டும் அடையாளம் பத்தாதுங்க, பாதிப் பேரு அப்படித்தான் வர்றாங்க.

பக்கத்து வூட்டம்மா எங்கிட்ட நல்ல மஞ்சள் கேட்டிருக்காங்க, அங்க கிடைக்கறது மணமே இல்லையாம். ஈரோட்டு மஞ்சள் பொடி பண்ணி வெச்சிருக்கறேன். இந்த மாசம் யாராச்சும் நியூயார்க் பக்கம் போறீங்களா? ரெண்டு கிலோதான். வேப்பிலையும் கேட்டாங்க, அது வேண்டாம்னுட்டேன், பச்சை இலைய ஏர்போர்ட்டுல புடுங்கிக்குவாங்க.