அப்பா அம்மாவோடு பிரான்ஸ்: முட்டி வலிக்கு ஏத்த வியூ பாயிண்ட், பூங்கா எதெல்லாம்?

பாலக்கோடு பொண்ணு:

வணக்கம். செப்டம்பர் இரண்டாம் பாதியில் அப்பா, அம்மாவை பிரான்ஸ் கூட்டிட்டுப் போறேன். பெங்களூரிலிருந்து நேரா பாரிஸ். கையில் முழுசா 9 நாள் இருக்கு. பாரிஸ் 4, லியோன் 2, மிச்சத்துல மார்சேய், நீஸ்னு இப்போதைக்குப் போட்டிருக்கேன்.

அம்மாவுக்கு முட்டி வலி. சமதளத்துல ஒரு கிலோமீட்டர் நடப்பாங்க. படின்னா 40, 50-க்கு மேல முடியாது. அப்பா நல்லா நடப்பார். ரெண்டு பேருக்கும் மியூசியத்துல நாள் முழுக்கச் சுத்துறதில் விருப்பமில்லை. ஊரை உயரத்திலிருந்து பார்க்கணும், பூங்காவில் உட்காரணும், அவ்வளவுதான் கேட்கிறாங்க. ஈபிள் கோபுரத்துக்கு மேல ஏறித்தான் ஆகணுமா? படி இல்லாம எங்கெல்லாம் போகலாம், எந்த நேரத்துல போனா நல்லா இருக்கும்? போய்ப் பார்த்தவங்க, அங்கேயே இருக்கிறவங்க சொல்லுங்க.

லா ஷப்பேல் தருமபுரியான்:

தங்கச்சி, இடத்தைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி வண்டியைப் பத்திச் சொல்லிடறேன். பாரிஸ்ல அம்மாவுக்குக் கஷ்டம் கோபுரத்துல இல்லை, மெட்ரோவில். 14-ஆம் தடத்துல மட்டும்தான் எல்லா ஸ்டேஷன்லயும் லிஃப்ட் இருக்கு. மத்ததுல பெரும்பாலும் படிதான்; ஒரு இடத்துல தடம் மாறினாலே அவங்க ஏறக்கூடிய 50 படியும் அங்கேயே முடிஞ்சுடும். அதனால பஸ்ஸை முதன்மையா வெச்சு திட்டம் போடுங்க. எல்லாம் தாழ்தளப் பஸ், முன்பக்கம் ஏறணும், ஊரும் பார்த்த மாதிரி ஆச்சு.

டிக்கெட்ல ஒரு சிக்கல் இருக்கு. 2025 ஜனவரியிலிருந்து பஸ்-டிராம் டிக்கெட் வேற, மெட்ரோ-ரயில் டிக்கெட் வேற. ஒண்ணுல ஏறி அதே டிக்கெட்ல இன்னொண்ணுக்கு மாற முடியாது. இதைத் தவிர்க்க பஸ், மெட்ரோ, ரயில் எல்லாத்துக்கும் செல்லுற நவிகோ வாரப் பாஸ் எடுக்கலாம், ஆனா அது திங்கள் முதல் ஞாயிறு வரைக்கும்தான், நீங்க வாங்கின நாள்லேர்ந்து ஏழு நாள் இல்லை. நடப்பு வாரத்துப் பாஸை வியாழக்கிழமையோட விக்கிறதை நிறுத்திடுவாங்க. ஞாயிறு ராத்திரியோ திங்கள் காலையிலோ வந்து இறங்குற மாதிரி விமானம் போட்டா முழுப் பயனும் கிடைக்கும்; விமான நிலையத்து ரயிலுக்கும் இதே பாஸ் செல்லும். அட்டையில ஒட்ட 25 x 30 மில்லிமீட்டர் போட்டோ வேணும். நம்ம பாஸ்போர்ட் சைஸ் அதுக்குப் பெருசு. ஊர் ஸ்டூடியோவிலேயே அந்த அளவுக்கு வெட்டி வாங்கிட்டு வந்துடுங்க. போட்டோ ஒட்டாம, பேர் எழுதாம பரிசோதகர் கையில சிக்கினா அபராதம்தான்.

இப்போ ஈபிள். உயரம் 330 மீட்டர். லிஃப்ட் டிக்கெட் அதிகாரபூர்வ தளத்துல 60 நாளுக்கு முன்னாடி திறக்கும், சீக்கிரம் தீர்ந்துடும். படி வழி டிக்கெட் மலிவு, ஆனா இரண்டாம் தளம் வரைக்கும் 674 படி, அம்மாவை வெச்சுக்கிட்டு அந்தப் பேச்சே வேண்டாம். என் அபிப்பிராயம்: இரண்டாம் தளத்தோட நிறுத்திக்குங்க. உச்சியில நின்னா ஊர் வரைபடம் மாதிரி ஆயிடும், எது எந்தக் கட்டடம்னு அடையாளம் தெரியாது. காத்து பலமா அடிச்சா உச்சியை மூடவும் செய்வாங்க. நேரம் போட்ட டிக்கெட் இருந்தாலும் கோபுரத்தைச் சுத்தியிருக்கிற கண்ணாடிச் சுவர்கிட்ட சோதனை வரிசை உண்டு, அரை மணி நேரம் முன்னாடி அங்க இருக்கணும்.

கோபுரத்தையே பார்க்கணும்னா த்ரோக்காதெரோ மேடை. அங்கிருந்து தென்கிழக்குப் பக்கமா பார்க்கிறோம், அதனால காலை வெயில் கண்ணுல அடிக்கும், கோபுரம் கருப்பா நிக்கும். சாயங்காலம் வெயில் நம்ம முதுகுப் பக்கம் வந்து இரும்பு பொன்னிறமா தெரியும். செப்டம்பர் பாதியில சூரியன் மறைய எட்டு மணி ஆகும். நல்லா இருட்டினப்புறம் மணிக்கு ஒரு தடவை 5 நிமிஷம் விளக்கெல்லாம் மின்னும். ஏழரைக்குப் போய் ஒன்பது மணி வரைக்கும் இருந்தா பகல், அந்தி, மின்னுற விளக்கு மூணும் ஒரே இடத்துல கிடைக்கும்.

மோன்மார்த்ர் குன்றுல சாக்ரே கேர்ங்கிற கிறிஸ்தவக் கோயில். கீழேர்ந்து 200-க்கு மேல படி. பக்கத்துலயே இழுவை ரயில் இருக்கு, ஒண்ணரை நிமிஷத்துல மேல விட்டுடும், நவிகோ பாஸ் செல்லும். கோயிலுக்குள்ள போக காசு கிடையாது. குவிமாடத்துக்குச் சுமார் 300 படி, லிஃப்ட் இல்லை, அப்பா மட்டும் போகட்டும். முன்படியில நின்னு ஈபிளைத் தேடாதீங்க, அங்கிருந்து சரியா தெரியாது. கோயிலுக்கு மேற்குப் பக்கம் கொஞ்சம் நகர்ந்தா தெரியும். படிக்கட்டு அடியில சிலர் கையைப் பிடிச்சு நூல் கயிறு கட்டிவிட்டு 20 யூரோ கேப்பாங்க. நம்ம ஊர்ல கோயில் வாசல்ல கயிறு கட்டிக்கிற பழக்கத்துல பெரியவங்க தாமா கையை நீட்டிடுவாங்க, முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க.

சாப்பாட்டுக்கு அங்கேர்ந்து லா ஷப்பேல் வந்துடுங்க. மெட்ரோ இரண்டாம் தடத்துல, குன்றுக்குக் கீழ இருக்கிற ஆன்வேர் ஸ்டேஷன்லேர்ந்து இரண்டாவது ஸ்டேஷன். இட்லி, தோசை, சோறு எல்லாம் கிடைக்கும், மாணிக்க விநாயகர் ஆலயமும் பக்கத்துலதான்.

காசில்லாம, படியில்லாம உயரத்துக்குப் போக ஓப்பெரா அரங்கத்துக்குப் பின்னாடி இருக்கிற கலெரி லஃபாயெத் கடையோட மொட்டை மாடி. கடைக்குள்ள எஸ்கலேட்டர், லிஃப்ட் இருக்கு. மாடியில நின்னா ஓப்பெராவோட கூரைச் சிலைகள் கிட்டக்க தெரியும், தூரத்துல ஈபிள். வெற்றி வளைவு மேல இதைவிட அருமையான காட்சிதான், ஒப்புக்கறேன், ஆனா 284 சுழல் படி.

பூங்கான்னா அம்மாவுக்கு லுக்சம்பூர். சமதளம். பச்சை இரும்பு நாற்காலி எங்க வேணா இழுத்துப் போட்டுக்கலாம், இலவசம். அதுல ரெண்டு வகை உண்டு: சாய்வு நாற்காலி தாழ்வா இருக்கும், முட்டி வலிக்காரங்க உட்கார்ந்தா எழுந்திரிக்கப் பாடுபடணும். நிமிர்ந்த முதுகோட, கைப்பிடி இருக்கிறதைத் தேடி எடுங்க. அப்பாவுக்கு பியூத்-ஷோமோன், பழைய ஜிப்சம் குவாரியை 1867-ல பூங்காவாக்கினது, பாறை உச்சியில சின்ன மண்டபம், தொங்கு பாலம். ஏற்றம் இறக்கம் அதிகம். பூங்கா எல்லாம் இருட்டுற நேரத்துல மூடிடுவாங்க, காவலர் விசில் ஊதிட்டு வருவார்.

தெரு ஓர இலவசக் கழிப்பறை நிறைய இருக்கு. முந்தின ஆள் வெளிய வந்ததும் கதவைப் பிடிச்சுக்கிட்டு உள்ள நுழையக் கூடாது. கதவு மூடி, உள்ளே தானா கழுவி முடிச்சு, பச்சை விளக்கு வந்த பிறகுதான் பொத்தானை அமுக்கணும். இல்லைன்னா கழுவுற தண்ணி உங்க மேலதான்.

ஓசூர் பூத்தோட்டம்:

பாரிஸ் பற்றி அண்ணன் முழுசா சொல்லிட்டார். நான் லியோன் மட்டும் எழுதறேன், ஏன்னா நாலு ஊர்ல உங்க அம்மாவுக்கு மிக வசதியான ஊர் அதுதான்.

ரயில் டிக்கெட் எடுக்கும்போது ஸ்டேஷன் பெயரைக் கவனிங்க. லியோன் பார்-தியூ என்று இருக்கணும். சேன்-எக்சுப்பெரி என்று வந்தால் அது ஊருக்கு வெளியே விமான நிலையத்து ஸ்டேஷன். பாரிஸ் கார் த லியோனிலிருந்து சுமார் 2 மணி நேரப் பயணம். புறப்படுவதற்கு 2 நிமிடம் முன்பே கதவு மூடிவிடும். பெட்டி எண் பார்த்து அதற்கு நேராக நடைமேடையில் முன்கூட்டியே நில்லுங்க.

ஊரை உயரத்திலிருந்து பார்க்க ஃபூர்வியேர் குன்று, உச்சியில் கிறிஸ்தவக் கோயில். அங்கே போக: பார்-தியூவில் மெட்ரோ பி, சாக்ஸ்-கம்பெத்தாவில் டி தடத்துக்கு மாறி வியு லியோன். அதே ஸ்டேஷனுக்குள்ளிருந்து இரண்டு இழுவை ரயில் கிளம்பும். ஒன்று ஃபூர்வியேருக்கு, இன்னொன்று சேன்-ஜுஸ்துக்கு. பலகை பார்க்காமல் ஏறினால் தப்பான குன்றுச் சரிவில் போய் நிற்பீங்க. சரியானதில் ஏறினால் வெளியே வந்ததும் கோயில் வாசல்தான். கோயிலின் பக்கவாட்டு மேடையிலிருந்து இரண்டு ஆறும், ஓட்டுக் கூரைகளும், பென்சில் மாதிரி கூம்பு வைத்த பார்-தியூ கோபுரமும் தெரியும். மேடை கிழக்கு நோக்கியது. அதனால் இங்கேயும் சாயங்காலம்தான் நல்ல வெளிச்சம். காற்றில் தூசி, மூட்டம் இல்லாத நாளில் மோன் பிளான்க் பனிச்சிகரம் அடிவானத்தில் நிற்கும்.

இறங்கும்போது ரோசேர் தோட்டம் வழியாக நடந்து இறங்கச் சொல்லி எல்லோரும் எழுதுவாங்க. அம்மாவுக்கு வேண்டாம், முட்டிக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் வலி. ரயிலிலேயே இறங்குங்க. ரோமர் காலத்து அரங்கம் கோயிலிலிருந்து ஐந்து நிமிட இறக்கம், இலவசம், சுமார் 2,000 வருடப் பழசு. அப்பா அதைப் பார்த்துவிட்டு மினிம் ஸ்டேஷனில் அந்த இன்னொரு ரயிலைப் பிடித்து வியு லியோனில் உங்களோடு சேர்ந்துகொள்ளலாம்.

அடுத்தது தெத் தோர் பூங்கா. 1857-ல் திறந்தது, 117 ஹெக்டேர், நுழைவு இலவசம், உள்ளே இருக்கிற விலங்குக் காட்சிசாலையும் தாவரத் தோட்டமும் இலவசம். பார்-தியூவிலிருந்து சி1 பஸ். ஏரிக்கரை முழுக்க சமதளம். ரோஜாத் தோட்டத்தை விட்டுடாதீங்க. நம்ம ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் வளர்க்கிற ஒற்றைக் காம்பு, ஒற்றைப் பூ வகைகளின் மூல வம்சமான ஹைப்ரிட் டீ ரோஜாவில் முதலாவதாகச் சொல்லப்படும் ‘லா ஃப்ரான்ஸ்’ 1867-ல் லியோனைச் சேர்ந்த கியோ என்ற நாற்றுப் பண்ணைக்காரர் வெளியிட்டது. செப்டம்பரில் இரண்டாம் சுற்றுப் பூ இருக்கும். மே, ஜூன் அளவுக்கு அடர்த்தி இருக்காது.

பாலக்கோடு பொண்ணு:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. அப்பா பட்டுப்புழு வளர்க்கிறவர், கூடு தருமபுரி அங்காடிக்குத்தான் போடறோம். லியோன் பட்டு ஊர்னு கேள்விப்பட்டேன். அவருக்குக் காட்ட ஏதாவது இருக்கா? அப்புறம் மார்சேய், நீஸ் ரெண்டும் வேணுமா, ஒண்ணு போதுமா?

ஓசூர் பூத்தோட்டம்:

அப்படின்னா குவா-ரூஸ் குன்று கட்டாயம். பழைய நெசவாளர் குடியிருப்பு. ஒத்தேல் த வீல் ஸ்டேஷனில் மெட்ரோ சி ஏறணும்; ஏற்றம் அதிகம் என்பதால் பல்சக்கரத் தண்டவாளத்தில் ஓடுகிற மெட்ரோ அது. மேலே குவா-ரூஸ் ஸ்டேஷனில் இறங்கினால் அப்புறம் எல்லாம் சமதளம்.

வீடுகளின் ஜன்னலை அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்க. ஒவ்வொரு மாடியும் சுமார் 4 மீட்டர் உயரம். காரணம் ஜக்கார்டு தறி. லியோன்காரரான ஜக்கார்டு 1804-ல் கொண்டுவந்த, துளையிட்ட அட்டைகளால் டிசைன் போடும் கருவி தறிக்கு மேலே உட்காரும், தாழ்வான கூரைக்குள் அடங்காது. நம்ம ஊர்ப் பட்டுச் சேலையில் கரையும் முந்தானையும் போடுவது இதே முறையில்தான். மேசோன் தே கனூ என்ற இடத்தில் தறியை ஓட்டிக் காட்டுவாங்க. குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் என்பதால் முன்பதிவு செய்துட்டுப் போங்க.

அப்பாவிடம் இன்னொன்றும் சொல்லுங்க. பட்டுப்புழுவைத் தாக்குகிற பெப்ரின் நோய் பிரான்ஸ் பட்டுத் தொழிலை அழித்தபோது லூயி பாஸ்தர் 1865-ல் தெற்கே அலேஸ் ஊரில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை அரைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து, நோய் இருந்தால் அந்த முட்டைத் தொகுதியை அழிக்கிற முறை அங்கிருந்து வந்தது. நோயற்ற முட்டைத் தொகுதி என்று அவர் வாங்குவது இன்றைக்கும் அப்படித் தேர்ந்ததுதான்.

குவா-ரூஸ் குன்றின் கிழக்குக் கோடியில் குரோ கையூ என்ற பெரிய பாறை. 1861-ல் சுரங்கப்பாதை தோண்டும்போது தடுத்த பனியாற்றுக் கல். பக்கத்தில் பெஞ்ச், கீழே ரோன் ஆறு, எதிரே ஆல்ப்ஸ் பக்கம். ஃபூர்வியேரைவிடக் கூட்டம் குறைவு. என்னைக் கேட்டால் அம்மா அதிக நேரம் உட்கார விரும்புகிற இடம் இதுவாகத்தான் இருக்கும்.

ஊத்தங்கரை கடலோரம்:

மார்சேயை விட்டுடுங்க மேடம். கெட்ட ஊர் என்று சொல்லவில்லை. நோத்ர் தாம் த லா கார்த் கோயில் உச்சியிலிருந்து சுற்றிலும் கடல், தீவு, ஊர் என்று தெரிகிற காட்சிக்கு ஈடு கிடையாது. ஆனால் பழைய துறைமுகத்திலிருந்து 60-ஆம் நம்பர் பஸ்ஸில் போனாலும் அது நிற்கிற இடத்துக்கு மேல் படி இருக்கு. போதாததற்கு மிஸ்ட்ரால் காற்று. அது கிளம்பினால் இரண்டு மூன்று நாள் விடாது, ஒகேனக்கல்லில் தண்ணீர் கூடினால் பரிசலை நிறுத்துவது போல தீவில் இருக்கிற இஃப் கோட்டைக்குப் போகிற படகை நிறுத்திடுவாங்க. கலாங்க் கடற்பாறைப் பகுதிக்கும் செப்டம்பர் கடைசி வரை காட்டுத்தீ அபாயத்தைப் பார்த்து அன்றாடம்தான் அனுமதி. முதல் நாள் மாலை அறிவிப்பு பார்க்காமல் கிளம்பினால் வழியிலேயே திருப்பி அனுப்புவாங்க.

லியோனிலிருந்து நேராக நீஸ் போங்க. ஏறக்குறைய நாலரை மணி நேரம். வலது பக்க ஜன்னல் இருக்கை கேளுங்க. சேன் ரஃபாயேல் தாண்டியதும் சிவப்புப் பாறையும் நீலக் கடலும் ஒட்டி ஒட்டி வரும். அந்தப் பகுதியில் தூங்கிடாதீங்க.

நீஸில் கோட்டைக் குன்று, 92 மீட்டர். கோட்டை இப்போது இல்லை, 1706-ல் பதினான்காம் லூயி இடிக்கச் சொல்லிவிட்டார். கடற்கரைச் சாலையின் கிழக்குக் கோடியில் பெல்லாந்தா கோபுரத்துக்குப் பக்கத்தில் இலவச லிஃப்ட். படியில் போனால் 213. இங்கே மட்டும் காலையில் போங்க: மேற்கே வளைகுடாவைப் பார்க்கிறோம், வெயில் பின்னாலிருந்து விழும், தண்ணீர் நிறம் அப்போதுதான் சரியாகத் தெரியும். மேலே செயற்கை அருவி, நிழல், பெஞ்ச் எல்லாம் உண்டு. மறுபக்கம் போனால் துறைமுகம். கடற்கரை மணல் அல்ல, கூழாங்கல். செருப்பில்லாமல் அம்மா இறங்க வேண்டாம். மேலே நடைபாதை 7 கிலோமீட்டர் சமதளம், நீல நாற்காலிகள் போட்டிருக்கும்.

விமான டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால் போக பாரிஸ், வர நீஸ் என்று ஒரே டிக்கெட்டாகக் கேளுங்க. திரும்ப பாரிஸுக்கு ரயிலில் ஆறு மணி நேரம் உட்காரும் வேலை மிச்சம். உள்நாட்டு விமானத்தைத் தனியாக எடுத்தால் அது ஓர்லி நிலையத்தில் இறங்கக்கூடும். பெங்களூர் விமானம் கிளம்புவது ஷார்ல் த கோல். இரண்டுக்கும் நடுவே பாரிஸ் முழுக்கக் கிடக்கு.

லா ஷப்பேல் தருமபுரியான்:

இவர் சொன்னதுதான் சரி, மார்சேய் நாளை லியோனுக்குச் சேர்த்துடுங்க. இன்னொண்ணு: செப்டம்பர் மூணாவது சனி, ஞாயிறு இங்க பாரம்பரிய நாட்கள். வழக்கமா பூட்டியிருக்கிற அரசுக் கட்டடங்களைக்கூட அன்னிக்குத் திறந்து விடுவாங்க, கூட்டம் அலைமோதும். அந்த ரெண்டு நாள் பாரிஸ்ல இருந்தா பூங்காவோட இருந்துக்குங்க. ஈபிள் டிக்கெட்டை வார நாள்ல போடுங்க. பயணத் தேதியிலேர்ந்து 60 நாள் பின்னோக்கி எண்ணி காலண்டர்ல இப்பவே குறிச்சு வெச்சுடுங்க.